ஒரு துடிப்பு அதிகம்

மாமியாரின் உயிர் தன் மடியில் அடங்கிய அன்றிலிருந்து மெஹராஜின் நெஞ்சில் ஒரு துடிப்பு அதிகமாக விழுந்துகொண்டிருந்தது. வெங்காயம் நறுக்கும்போதும், குழாயடி வரிசையில் நிற்கும்போதும், அவளுடைய துடிப்புக்குப் பின்னாலேயே இன்னொன்று கிழட்டு நடையாக இழுத்து இழுத்து வந்தது.

"ஈசிஜி நன்னாத்தான் இருக்கு. மனசுல பயம் இருந்தா இப்படிப் படபடன்னு அடிச்சுக்கும். டீயைக் குறைச்சுக்கோங்கோ" என்றார் மாட்டுங்கா டாக்டர் வெங்கடராமன்.

அவள் டீயை விட்டாள். அது அவளை விடவில்லை.

அன்று மதியம் தாராவியில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கொட்டும் இரைச்சலும், கீழே பட்டறையில் பை தைக்கும் மெஷின்களின் கடகடப்பும், ஈரத்தோலும் பசையும் கலந்து இரும்பு ஏணி வழியே ஏறிவந்த நாற்றமும் அந்த ஒற்றை அறையை நிறைத்திருந்தன. அத்தனைக்கும் அடியில் அவளுக்கு அது கேட்டது. சாப்பிட வந்த கணவன் இனாயத்துல்லா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான்.

"டாக்டரே ஒண்ணுமில்லங்காரு. நீ என்னளா, பைத்தியக்காரி மாதிரி?"

"நீங்களே காத வச்சுக் கேளுங்க. ஒரே ஒரு தடவ."

கை கழுவிவிட்டு வந்து, கேலியாகவே அவள் மார்பில் காதை வைத்தான். சிரிப்பு மெல்ல நின்றது. அவன் மூச்சு அவள் கழுத்தில் சூடாகப் பட்டது.

"எங்க உம்மா..." என்றான். "என்னைய வரச் சொல்லுதாங்க."

தலை எழவில்லை. அவள் தோளை உலுக்கினாள். கனத்தது. கழுத்தில் பட்ட மூச்சு நின்றிருந்தது. அலறினாள். மழையும் மெஷின்களும் அதை விழுங்கின. தள்ளியதும் அவன் பாயில் புரண்டான். கண்கள் திறந்தபடி.

நெஞ்சுக்குள் இப்போது மூன்று. புதியது முரட்டுத்தனமாக, பூட்டிய கதவை இடிப்பதுபோல.

ஏணியில் சின்னக் காலடிகள். மகள் உமைரா. பள்ளிக்கூடம் விட்டுவிட்டது.

"வராதளா! கீழ போ!"

நனைந்த பையோடு வந்த குழந்தை தகப்பனைப் பார்த்தது. பயந்து ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டது. முகம் மார்பில் புதைந்தது. விசும்பல் நின்றது.

"உம்மா... உள்ள வாப்பா அழுவுதாக."

மெஹராஜ் குழந்தையைப் பிய்த்தெடுக்கப் பார்த்தாள். முடியைப் பிடித்து இழுத்தாள். அறைந்தாள். அது அசையவில்லை. காது ஒட்டியபடி, கண்கள் விரிந்தபடி, கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் முதுகில் கோத்திருந்த சின்ன விரல்கள் குளிர்ந்தன. நெஞ்சுக்குள் புதிதாக ஒன்று. குருவிக்குஞ்சு போல. துள்ளித் துள்ளி.