துப்பாக்கி பார்த்த படம்

விளையாட்டுத் திரையின் நடுவே பறந்த வௌவால்கள் சுட்டதும் விழுந்தன. மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் பறந்தவை விழவேயில்லை. பழுது பார்க்க வந்த பூங்கோதை துப்பாக்கியை மாற்றிப் பார்த்தாள். அதன் கம்பியையும் மாற்றினாள். ஓரத்து வௌவால்கள் இறக்கையை ஆட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன.

"படம் எப்படி இருக்கு?" என்றார் கனகசபை. காட்சி ஒழுங்கு வாரியத்தின் அதிகாரி. கடைக்கு முத்திரை வைக்கும் சிவப்பு நாடா அவர் கையில் தயாராக இருந்தது.

"பளிச்சுனு இருக்கு சார்."

"அப்ப திரை சரி. துப்பாக்கியிலதான் தில்லுமுல்லு. சனங்க தோக்கட்டும்னு வச்சிருக்கீங்க. மூடிரலாமா பாய்?"

அந்த விளையாட்டுக் கூடத்தின் உரிமையாளர் சாதிக் தலையில் கை வைத்தார். "ஏற்காட்டுல எனக்கு இருக்கறது இந்த ஒரு கூடம் சார். ஏமாத்திப் பொழைக்கணும்னா வௌவாலை வச்சா ஏமாத்துவேன்?"

அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. விசையை அழுத்தியதும் திரை கண்ணிமைக்கும் நேரம் கறுக்கும். வௌவால் இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். துப்பாக்கி வாயிலுள்ள ஒளியுணரிக்கு அந்த வெள்ளை தெரிந்தால் வௌவால் விழும்.

தெரிந்தால்!

பூங்கோதை துப்பாக்கியைத் திருப்பி அதன் வாயைப் பார்த்தாள். அந்த அறையில் சீர்விழி அணியாத கண் அது ஒன்றுதான்.

மற்ற எல்லோர் கண்மணியிலும் சீர்விழி ஒட்டியிருந்தது. மெல்லிய படலம். காட்சியில் நடுக்கம், கறை, விரிசல் எது இருந்தாலும் கண்ணுக்குள் போகுமுன் திருத்திவிடும். இருக்க வேண்டியது இல்லையென்றால், பழைய பதிவிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். அது வந்த பிறகு ஊரில் யாரும் வெள்ளையடிப்பதில்லை. வீட்டுக்கு வெளியே அதைக் கழற்றுவது குற்றம்.

அவள் ஆட்டத்தைச் சோதனை முறைக்கு மாற்றி ஒரு வௌவாலைக் கீழ் ஓரத்தில் நிறுத்தி வைத்தாள். சுட்டுக்கொண்டே துப்பாக்கியை மெல்ல மெல்ல மேலே நகர்த்தினாள். ஒரு சாண் தள்ளிக் குறி வைத்தபோது வௌவால் விழுந்தது. கைப்பையிலிருந்த பொட்டு அட்டையை எடுத்து, அந்த இடத்தில் கண்ணாடி மேல் ஒரு பொட்டு ஒட்டினாள். மேல் ஓரத்து வௌவாலுக்கு ஒன்று. இன்னும் சில.

"திரைக்குக் கல்யாணமாம்மா?" என்றார் கனகசபை.

"பொட்டெல்லாம் நடுவுலயே கெடக்கு பாருங்க சார். படம் சுருங்கிப்போச்சு. நம்ம கண்ணுல இருக்கறது அதை இழுத்து நிரப்பிக் காட்டுது."

"சீர்விழி தப்பு பண்ணாது."

பூங்கோதை விரலால் படலத்தை வழித்து உள்ளங்கையில் எடுத்தாள்.

"கழட்டாத! வழக்காயிரும்!"

"எழுதிக்குங்க சார். பூங்கோதை. எழுதிட்டுத் தள்ளி நில்லுங்க, உள்ள மின்சாரம் நிக்குது."

திரையின் மேலும் கீழும் இருட்டு. நடுவே ஒரு பட்டையில் வௌவால்கள் தோசைபோல நசுங்கிப் பறந்தன. படம் நன்றாகத் தெரிந்ததால் இதுவரை யாருமே பெட்டியின் பின்பக்கத்தைத் திறக்கவில்லை, அவளும்தான்.

மின்சாரத்தைத் துண்டித்தாள். துண்டித்த பிறகும் படக்குழாய் ஆளைத் தூக்கியெறியும் அளவுக்கு மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். தரைக்கம்பி கட்டிய திருப்புளியால் அதைத் தொட்டாள். சடக்கென்று பொறி பறந்தது. குழாய்க்குள் ஒரு மின்னணுக் கற்றை மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் படம் வரைகிறது. அதை மேலும் கீழும் இழுக்கும் சுற்றில் ஒரு மின்தேக்கி காய்ந்துபோயிருந்தது. இழுக்க வலுவில்லாமல் கற்றை நடுவிலேயே நின்றுவிட்டது. காய்ந்ததைப் பிடுங்கிப் புதியதைப் பற்றவைத்தாள்.

மறுபடி மின்சாரம் வந்தபோது படம் திரை முழுக்க விரிந்தது.

"என்ன மாறிச்சு? எனக்கு அப்பவும் இப்படித்தானே தெரிஞ்சுது?"

"அதுதான் சார் கோளாறு. சுடுங்க."

கனகசபை கீழ் ஓரத்தில் சுட்டார். விழுந்தது. மேலே சுட்டார். விழுந்தது. இன்னும் நாலைந்தைச் சுட்டுவிட்டே துப்பாக்கியைக் கொடுத்தார். சிவப்பு நாடா அவர் பைக்குள் போனது.

"கழட்டினது கழட்டினதுதான். போடும்மா கண்ணுல."

படலத்தைப் பொருத்த வெளிச்சம் தேடி வாசலுக்குப் போனவள் அங்கேயே நின்றாள். "சார், கீழ் வளைவுல எந்தப் பக்கமா வந்தீங்க?"

"பள்ளத்து ஓரச் சுவரை ஒட்டி."

"சுவர் இல்ல சார். நீங்க வந்த பெறகு மழையில சரிஞ்சிருக்கு. பாதி ரோடும் போயிருச்சு."

"அதோ நிக்குதே, வெள்ளையா!"

அவள் படலத்தைத் தரையில் போட்டு மிதித்தாள். மேலே, சேலத்துக்கு இறங்கும் பேருந்து ஒலியெழுப்பியது.

கனகசபை திரையிலிருந்த பொட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கண்ணில் விரலை வைத்தார். வழித்தார். வெளியே பார்த்தார். அடுத்த நொடி சாலை நடுவே ஓடி இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"கழட்டுய்யா! கண்ணுல இருக்கறதைக் கழட்டிட்டுப் பாருய்யா!"

ஓட்டுநர் கழற்றினார். பேருந்து நின்றது.