பதில் சொல்லக் கூடாத குரல்

காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கிறது என் கடை. சாமுவேல் ரெக்கார்டிங் சென்டர். ஒரு காலத்தில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். தொண்ணூற்றொன்பதில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். கீழ்க்கடைக்காரன் வாசலில் வட்ட வட்டமாக சீடிகளைத் தொங்கவிட்டிருந்தான். காக்கா விரட்டவா என்று கேட்டால் சிரிப்பான். அவனுக்கென்ன, சிரிக்கலாம்.

ஆடிக்காற்று சன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வெள்ளியங்கிரி அண்ணன் படியேறி வந்தார். பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். அதற்குமுன் நான் அவரைப் பார்த்ததில்லை. கைக்குட்டையில் சுற்றிய ஒரு கேசட்டை மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க, இதை வேற கேசட்டுல ஏத்தித் தர முடியுமுங்களா? கீழ கேட்டேன். மெசினையே தூக்கிப் போட்டாச்சுங்கறான்."

"என்ன பாட்டுங்கண்ணா?"

"பாட்டில்லீங்க. எம் பொண்ணு."

பெயர் நந்திதா. காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பிய காலையில், புது டேப் ரெக்கார்டரில் அப்பாவைக் கேலி செய்து பேசிப் பதிந்து வைத்துவிட்டுப் போனவள். பதினெட்டாம் நாள் மூளைக்காய்ச்சல். ஆம்புலன்ஸில்தான் ஊர் திரும்பினாள். அவள் குரல் என்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான். ஒரு வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்டதில் டேப் தேய்ந்து குரல் மங்கிவிட்டது.

"கேட்டாத் தேயுது. கேக்காம இருக்க முடியலீங்க" என்றார்.

படி இறங்கப் போனவர் நின்றார்.

"கடைசீல ஒண்ணு சொல்லுவாளுங்க. அதுக்கு மட்டும் நீங்க பதில் சொல்லிப்போடாதீங்க. அன்னிக்கு நான் பண்ணைல இருந்துட்டேன். பதில் சொல்ல ஆளில்லாமயே கெளம்பிப் போயிட்டா. அது நாஞ்சொல்ல வேண்டியதுங்க."

"இன்னும் சொல்லலீங்களாண்ணா?"

"சொல்லிப்போட்டா முடிஞ்சு போயிருமுங்க."

அவர் போனதும் மெசின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். ஒரு பக்கம் அவர் கேசட், மறுபக்கம் புதுக் கேசட். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரைச்சலுக்கு அடியில் சின்னக் குரல் ஒன்று கேட்டது.

"அப்பா, கோழிக்குத் தீனி போட்டுட்டு நீங்க பட்டினி கெடக்காதீங்க. மாத்தரை போடுலீன்னா அங்கிருந்தே வந்துருவேன், ஆமா."

சிரிப்பு. பிறகு செருப்பு மாட்டும் சத்தம்.

"போயிட்டு வாரேனுங்கப்பா."

எங்கள் ஊரில் கிளம்புகிறவர்கள் போகிறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்றுதான் சொல்வார்கள். கேட்டவர் வாயைத் திறந்து வா என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. சாவு வீட்டில் மட்டும்தான் வாரேனும் கிடையாது, வாவும் கிடையாது. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் நாற்பது வருடப் பழக்கம். இந்த நாக்கைப் பிடுங்கி நாய்க்குத்தான் போட வேண்டும்.

"செரி கண்ணு, வா" என்றேன்.

இரைச்சல் நின்றது.

டேப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சன்னல் கதவுகூட அடிக்கவில்லை. ஸ்பிரிட் வாடையை மீறி ஆஸ்பத்திரிப் பினாயில் வாடை மெல்ல ஏறி வந்தது. ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள், மாடிப்படி ஏறி வந்தவர்கள் வாங்குவதைப் போல.

"வந்துட்டேனுங்க."

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன்.

"எங்கப்பா எங்கீங்க?"

ஹெட்போன் தரையில் கிடந்தது. குரல் என் காதுக்குள் இருந்தது.

இரண்டு கேசட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றுமில்லை. அந்த மனிதருக்கென்று இருந்த ஒரே குரலை நான் அழித்துவிட்டேன். மேசையில் தலையை வைத்து அழுதேன். "அழாதீங்க" என்றது குரல்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் வந்தார். கேசட்டை ஓட்டிப் பார்த்தார், திருப்பிப் போட்டார், முன்னும் பின்னும் சுற்றினார். என் காதுக்குள் அவள் துடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இங்கீங்க! இந்தப் பக்கம் பாருங்க!" அவருக்குக் கேட்கவில்லை.

"அண்ணா, நீங்க எளைச்சுப் போயிட்டீங்களாம். உங்க பொண்ணு சொல்லுதுங்க" என்றேன்.

என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எம் பொண்ணை வெச்சு வெளையாடறயாடா?"

அவர் பேச்சில் அதுவரை மரியாதை 'ங்க' விட்டுப்போனதே இல்லை. நான் பயந்துபோய், மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்ச வாயைத் திறந்தேன்.

"அப்பா" என்றது என் வாய்.

அது என் குரலல்ல.

அவர் பிடி தளர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணு" என்றார். "ஏனுங்கப்பா" என்றாள் அவள், என் பற்களுக்கு நடுவிலிருந்து.

அன்றிலிருந்து என்னால் பேச முடிவதில்லை. வாயைத் திறந்தால் அவள்தான். வெள்ளியங்கிரி அண்ணன் தினமும் இரண்டு மணிக்கு வருகிறார். எதிரில் நாற்காலி போட்டுக்கொள்கிறார். அவர் கேட்கிறார், அவள் சொல்கிறாள், மணிக்கணக்கில். அவளைப் போகச் சொல்லுங்கள் என்று காகிதத்தில் எழுதிக் காட்டிக் காலில் விழுந்தேன். என்னைத் தூக்கி நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"ஒருக்கா உட்டுப்போட்டேனுங்க. இனி உடமாட்டேன்."

கெட்டவரல்ல. அதனால்தான் கதவைச் சாத்த மனம் வரவில்லை. என் மனைவி மதிவதனியிடமும் எழுதிக் காட்டினேன். சர்ச்சில் ஜெபம் செய்தார்கள். "ஆமென்" என்று நான் சொன்னபோது பாஸ்டர் இரண்டடி பின்வாங்கினார்.

குரல் போனால் போகட்டும். ஒரு கேசட்டில் புதிதாக ஒன்று ஏறினால் அடியில் இருந்தது அழியும், இது தெரியாமலா இத்தனை வருடம் தொழில் செய்தேன்? முதலில் சர்ச் கொயரில் பாடிய பாட்டெல்லாம் மறந்தது. பிறகு நான் படித்த பள்ளிக்கூடம். பல்லடத்துப் பண்ணையில் எந்தக் கொட்டகையில் கூரை ஒழுகும் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. நான் அங்கே போனதே இல்லை. அதனால்தான் எல்லாம் போவதற்குள் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து நாளாக எழுதுகிறேன்.

இன்று காலை ஒரு பெண் டிபன் கேரியரோடு படியேறி வந்தாள். என் கன்னத்தைத் தொட்டாள். நல்ல முகம்.

"என்னைத் தெரியலீங்களா? மதிங்க. மதிவதனிங்க."

இந்தக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தேன். என் மனைவி மதிவதனி என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். ஆண்டவரே, இவளிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"வாங்கக்கா" என்றாள் நந்திதா. "யாரைப் பாக்க வந்தீங்க?"