கைதட்டலுக்கு விடுமுறை

தம்பியை நினைத்தால் கடுகுக்குக் கவலையாக இருந்தது. ஆள் சிறியவள், காரம் அதிகம் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

தம்பியின் காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. இனி நடந்து பழகினால்தான் காலில் பலம் ஏறும். அவனோ கட்டிலை விட்டு அசைய மாட்டேன் என்கிறான்.

வீட்டில் கைதட்டலுக்குப் பஞ்சமே இல்லை. காலை நீட்டினால் கைதட்டு. பால் குடித்தால் கைதட்டு. தும்மினால்கூட அப்பா விசிலடித்தார். முதலில் முகம் மலர்ந்தவன், இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

அன்று மாலை கடுகு சித்தியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். சித்திக்கு மூளைச் செல்களோடுதான் வேலை. திரையில் ஒரு செல் தெரிந்தது. அதன் ஓரம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள் மின்னின.

"இதெல்லாம் என்ன சித்தி?"

"டோபமின்னு ஒரு ரசாயனம் இருக்கு. 'இது நல்லா இருக்கே, இன்னொரு தடவை செய்'னு மூளைக்குள்ள சேதி கொண்டு போகும். அந்தச் சேதியைக் கேக்குற காதுங்கதான் இந்தப் புள்ளிங்க. இப்போ டோபமினை நிறைய விடுறேன், பாரு."

கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் செல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டன.

"ஐயோ, காதை உள்ள இழுத்துக்கிச்சே!"

"சத்தம் ஓவரா இருந்தா நீ காதைப் பொத்திக்க மாட்டியா? அதே மாதிரிதான். குறைஞ்சா திரும்ப வெளியே வரும்."

கடுகு துள்ளிக் குதித்தாள். "சித்தி, எங்க வீட்லயும் சத்தம் ரொம்ப ஓவர்!"

அன்றே வீட்டில் கைதட்டத் தடை போட்டாள். அம்மா சரி என்றார். அப்பாவுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. இரண்டையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"ஏன் யாரும் கைதட்டல?" என்று தம்பி முறைத்தான்.

"பால் குடிக்கிறதுக்கெல்லாமா தட்டுவாங்க?" என்றாள் கடுகு. ஆனால் தினமும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தானும் காலை நீட்டி மடக்கினாள்.

சில நாட்கள் அப்படியே போயின. ஒரு விடுமுறை நாள் சித்தியும் வந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் பந்து உதைக்கும் சத்தம் கேட்டது. தம்பி மெதுவாக எழுந்தான். ஓர் அடி வைத்தான். தடுமாறினான். இன்னோர் அடி. ஜன்னல் கம்பியைப் பிடித்ததும் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

கடுகு ஒரே ஒரு தடவை கைதட்டினாள். "எதையும் பிடிக்காம நடந்துட்டடா!"

அவன் முகம் முழுக்கப் பல்லாக இருந்தது. விழுந்த பல்லின் ஓட்டைகூடச் சிரித்தது.

"சித்தி, இவன் மூளையிலயும் காதுங்க வெளிய வந்துடுச்சா?"

"பார்க்காம நான் சொல்ல மாட்டேன்மா," என்றார் சித்தி. "ஆனா முகத்தைப் பார்த்தா சந்தோஷமா இருக்கு."

"கடுகு, நானும் ஒண்ணே ஒண்ணு தட்டிக்கட்டுமா?" என்று கெஞ்சினார் அப்பா.

தம்பி முந்திக்கொண்டான். "இருங்கப்பா! கட்டில் வரைக்கும் திரும்பி நடந்து காட்டுறேன். அப்புறம் தட்டுங்க."

அப்பா கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.