மச்சானுக்கு வைத்த மூன்று சிகரெட்

வாடிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தென்னந்தோப்பு வழியாக இரண்டு மைல் நடந்து, முத்துப்பாண்டி அந்த வீட்டின் பூட்டைத் திறந்தபோது காலை ஒன்பது மணி. அது அவன் மனைவி கனகாவின் அண்ணன் மருது இருந்த வீடு. மருது செத்துப் பத்து மாதமாகிறது. அதன்பிறகு அங்கே யாரும் தங்கவில்லை. உள்ளே உமி வாசமும் எலிப்புழுக்கை வாசமும் கலந்து அடித்தன.

மூன்று நாள் தனியாகக் கிடப்பது என்று வந்திருந்தான். சிகரெட் இருபது வருடப் பழக்கம். மதுரையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு டீக்கடைக்கு டீக்கடை சேக்காளிகள். ஆளுக்கொரு சிகரெட் நீட்டுவார்கள். அங்கே இருந்துகொண்டு நிறுத்துவது நடக்கிற காரியமில்லை. நிறுத்தாமலும் முடியாது. ஆறு வயது மகள் பாண்டிமீனாவுக்கு வீசிங். போன மாதம் உதடு நீலம் பாரித்துப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "உங்க சட்டையில இருக்கிற வாசமே அவளுக்கு ஆகாது. இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்க மாட்டா" என்றார் டாக்டர். அன்றைக்கு முத்துப்பாண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதான். அழுதுகொண்டே ஒன்றைப் பற்றவும் வைத்தான். அதைத்தான் அவனால் மறக்க முடியவில்லை.

வந்ததும் தீப்பெட்டியைக் கிணற்றில் போட்டான். சட்டைப் பையில் மூன்று சிகரெட் மிச்சம் இருந்தது. அதைப் போடக் கை வரவில்லை. சுவரில் மருதுவின் போட்டோ தொங்கியது. மருதுவும் லேசுப்பட்ட ஆளில்லை, ஒன்று அணையும் முன்னே அடுத்ததைக் கொளுத்துகிற வர்க்கம். முத்துப்பாண்டி ஒரு தட்டைத் துடைத்துப் போட்டோவுக்கு முன்னால் வைத்து, மூன்றையும் அதில் அடுக்கினான்.

"மச்சான், இது உனக்குப் படையல். எனக்கும் சேத்து நீயே குடிச்சுக்க" என்று கும்பிட்டான். அவனுக்கே சிரிப்பு வந்தது.

பதினொரு மணிக்கெல்லாம் சிரிப்பு போய்விட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் வெறுமனே திரும்பியது. நாக்கு தோலாக வறண்டது. கிராம்பை மென்றான், கடலை மிட்டாயைக் கடித்தான், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். கத்திய காக்காயைக் கெட்ட வார்த்தையில் வைதான்.

உச்சிப்பொழுதில் காக்காயும் அடங்கியது. தோப்பில் ஓர் ஓலை அசையவில்லை.

காகிதம் கருகும் வாசம் வந்தது.

தட்டில் ஒரு சிகரெட் முழுதும் சாம்பலாகி, உடையாமல் நீளமாகக் கிடந்தது. தொட்டுப் பார்த்தான். சுட்டது. வெறியில் தானே பற்ற வைத்துவிட்டு மறந்துபோனோமா என்று உள்ளங்கையில் ஊதி முகர்ந்தான். கிராம்பு வாசம்தான் அடித்தது. தீப்பெட்டியோ கிணற்றில்.

சாயங்காலம் கனகா போன் பண்ணினாள். "மத்தியானம் பாப்பாவுக்கு லேசா வீசிங் வந்துச்சுங்க. மருந்து வச்சதும் அடங்கிருச்சு. நீங்க பதறாம அங்ஙனயே இருங்க."

மறுநாள் உச்சிக்கு முன்பே தட்டின் எதிரில் உட்கார்ந்துகொண்டான். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தினான்.

இரண்டாவது சிகரெட்டின் நுனி சிவந்தது.

யாரும் பற்ற வைக்கவில்லை.

கனல் பெருகியது, மங்கியது, மறுபடி பெருகியது. அவசரமில்லாமல், ரசித்து இழுக்கிற ஆளின் பக்குவம் அது. முத்துப்பாண்டிக்கு அது யாருடைய பக்குவம் என்று தெரியும். ஆனால் இழுத்த புகை வெளியே வரவில்லை. அறையில் ஓர் இழை கூட இல்லை.

அப்படியானால் அது எங்கே போகிறது?

போன் அடித்தது.

"என்னங்க" என்ற கனகாவின் குரல் உடைந்திருந்தது. "பாப்பாவுக்கு ரொம்ப வந்துருச்சு. ஆஸ்பத்திரில இருக்கோம். வீட்டுல யாரு சிகரெட் குடிக்கிறதுன்னு டாக்டர் வையிறாரு. நீங்கதான் ஊர்லயே இல்லையே. அவ மூச்சுல அம்புட்டுப் புகை வாசம் அடிக்குது."

அவன் தட்டைப் பற்றித் திக்கித் திக்கிச் சொன்னான்.

"படையலா வச்சீக?" என்றாள் கனகா. "படைச்சதை வீட்டு ஆளுகதான திங்கணும்? முப்பதாம் நாளு அண்ணனுக்கு வச்ச சிகரெட்டைக்கூட நீங்கதான எடுத்துக் குடிச்சீக?"

"நான்தான் விட்டுட்டேனே, கனகா."

"நீங்க தொடலைன்னா அண்ணன் யாருக்குக் குடுக்கும்? உசுரோட இருந்தப்ப எதையாச்சும் பாப்பாவுக்குக் குடுக்காமத் தின்னுருக்குமா? தாய்மாமன்ல."

"மிச்சம் இருக்கிறதைக் கிணத்துல போட்டுரவா?"

"எறிஞ்சுராதீக. படையலை எறிஞ்சா இன்னும் என்னென்ன ஆகுமோ."

மூன்றாம் நாளும் பாப்பா ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். முத்துப்பாண்டியின் உடம்பு மொத்தமும் அந்தத் தட்டைப் பார்த்தே இழுத்தது. பல் கிட்டியது. முதுகில் வேர்வை ஓடியது. எடுத்துக் குடித்துவிடு என்று உள்ளே ஒன்று கெஞ்சிக்கொண்டே இருந்தது. மகளுக்காகவா, தனக்காகவா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது.

உச்சிப்பொழுது வந்தது.

நுனி சிவந்தது.

பாய்ந்து எடுத்து உதட்டில் வைத்தான். பஞ்சு ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

குமட்டலை அடக்கிக்கொண்டு விரல் சுடும்வரை இழுத்தான். கண்ணில் நீர் வழிந்தது. சுகமாகவும் இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. பிறகு போனில் கனகாவைக் கூப்பிட்டான்.

"அடங்கிருச்சுங்க. இப்பத்தான் அஞ்சு நிமிசம் இருக்கும். மூச்சு நல்லா விடுறா. டாக்டருக்கே புரியல."

அவன் தரையில் அப்படியே சாய்ந்தான். போனுக்குள் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"பெறகு ஏன் பாப்பா அழுவுறா?"

கனகா எழுந்து தள்ளிப் போகிறாள் என்று தெரிந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவள் போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவளுக்குன்னு மாமா வச்சிருந்ததை நீங்க புடுங்கிக் குடிச்சிட்டீகளாம். அழுவாத, நாளைக்கு வேற கொண்டுட்டு வாரேன்னு மாமா சொல்லிருக்காம்."