சுவரை ஒட்டி

மார்ச் 11, செவ்வாய். ஒரு சிறு பிழை: ஒன்பதாம் கூண்டின் அட்டையையும் பதினான்காம் கூண்டின் அட்டையையும் நேற்று இடம் மாற்றிச் செருகிவிட்டேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆய்வகத்து எலிகளைப் பார்த்துக்கொள்ளும் மார்னி, தன் மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதியபோது மணி மூன்று. வெளியே பிரிஸ்பேன் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. எலிகளின் அறையில் மட்டும் இரவு. இருட்டில்தான் எலிகள் நடமாடும் என்பதால் இங்கே பகலையும் இரவையும் மாற்றி வைத்திருந்தார்கள். ஒரு மங்கிய சிவப்பு விளக்கு, மரத்தூளும் மூத்திரமும் கலந்த வாடை, காற்றுக் குழாயின் ஓயாத முனகல், அதற்கடியில் பிளாஸ்டிக்கைக் கீறிக்கொண்டேயிருக்கும் நூறு சின்ன நகங்கள்.

பாதி எலிகளின் மூளையில் டௌ புரதம் இல்லை; இல்லாமலே பிறக்க வைக்கப்பட்டவை. மற்றவற்றுக்கு உண்டு. சோதனைக்காக எல்லாவற்றையும் வாரக்கணக்கில் அலைக்கழித்து மன அழுத்தம் தந்தபோது, டௌ உள்ளவற்றுக்குப் புதிய மூளைச் செல்கள் முளைப்பது குறைந்தது. அவை மறந்தன. பயந்தன. திறந்த பெட்டியில் விட்டால் நடுவே வராமல் சுவரை உரசிக்கொண்டே சுற்றின. டௌ இல்லாதவை நட்டநடுவில் உட்கார்ந்து நிம்மதியாக முகம் கழுவின. எந்த எலி எந்த வகை என்பதற்குக் கூண்டின் அட்டைதான் சாட்சி.

கூண்டு கழுவும் கீரன் கதவிடுக்கில் தலையை நீட்டினான்.

"என்ன மார்னி, எலியோட குடித்தனமே வச்சிட்டியா?"

"கொஞ்சம் சரிபார்க்க வேண்டியிருக்கு."

"பாரு, பாரு. நாளைக்கு ஒன்பதரைக்கு இங்ரிட் என்னைக் கூப்பிட்டிருக்கா. ஆறு அட்டை மாறிக் கிடக்காம். ஆய்வுக்கே தலைவி, அவ சொன்னா சொன்னதுதான். வீட்டுல இன்னும் மூச்சு விடல."

"ஆறா?"

"ஆறேதான். நான் தூக்கத்துல கழுவுறேன்னு நினைச்சுட்டா போல. வேலை போச்சுன்னா உன் எலிக்குத்தான் நஷ்டம், என்னை மாதிரி யாரு தேய்ப்பா?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். "பார்த்துக்கலாம், விடு" என்றுதான் வந்தது. அவன் போன பிறகும் காதுமடல் எரிந்தது. இரண்டு அட்டைகள் அவளுடைய தவறு. மற்ற நான்கும் கீரனுடையதாக இருக்கட்டும் என்று மனம் வேண்டிக்கொண்டது. அதை நினைத்துக் கூசினாள்.

மற்ற நான்கை மாற்றியது யார் என்று பார்க்கக் கூரைக் காமிராவின் பதிவை ஓட்டினாள். போன வியாழன், நாலு பத்து. நோட்டின்படி அப்போது அவள் கான்டீனில் கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் கதவு திறந்தது. உள்ளே வந்தது மார்னி.

ஓர் அட்டையை உருவினாள். அதன் பின்புறம் ஏதோ எழுதினாள். வேறு கூண்டில் செருகினாள். இன்னொன்று. பிறகு சுவரோரம் போனாள். இடது தோளைச் சுவரில் பதித்து நடந்தாள். மூலையில் நின்றாள். மறுபடி நடந்தாள். நாலரை. ஐந்து. ஐந்தேகால். ஒரு தடவைகூட நடுவே வரவில்லை.

அவளுக்கு எதுவும் நினைவில்லை.

அப்பாவுக்கும் டௌ கெட்டுப்போய்த்தான் மறதி நோய் வந்தது. வழிவழியாக வரும் நோய். அவளுக்கு இருபத்தாறுதான். ரத்தப் பரிசோதனையை மூன்று முறை தள்ளிப்போட்டிருந்தாள்.

கீறல் சத்தம் நின்றிருந்தது.

தோள் குளிர்ந்தது. சுவர். நாற்காலி தூரத்தில், அறை நடுவே, காலியாக. எப்போது எழுந்தாள்? நோட்டு நடு மேசையில். நாலே அடி. கால் வரவில்லை.

எழுதியாக வேண்டும். மறப்பதற்குள். கைக்கெட்டிய கூண்டிலிருந்து அட்டையை உருவினாள். திருப்பினாள்.

பின்புறத்தில் ஏற்கெனவே மூன்று வரிகள். மூன்றும் ஒரே வரி. அவள் கையெழுத்து.

அதற்கடியில், நான்காம் முறையாக, அதையே எழுதினாள்:

நாளை காலை ஒன்பது மணி: அட்டைகளை மாற்றியது நான்தான் என்று இங்ரிடிடம் சொல்ல வேண்டும்.