எடை போடுகிறவளிடம் பேசக் கூடாது

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கி நின்ற சுகிர்தாவின் மேல், குடையை மடக்குகிறேன் பேர்வழி என்று மொத்தத் தண்ணீரையும் உதறினான் ஒருவன்.

"இன்னாங்க, கண்ணு தெரியலையா?"

"தெரியுதுங்க... உங்க கண்ணைப் பார்த்துக்கினே மடக்கிட்டேன்."

திமிரைப் பார்! ஆனாலும் ரயில் வரும்வரை அவன் வீட்டுக் கதை முழுக்கக் கேட்டாள். பெயர் பார்த்திபனாம்.

திங்கட்கிழமை, சிப்காட்டில் அவள் புதிதாகச் சேர்ந்த மருந்து ஆய்வுக்கூடத்தில் அதே பார்த்திபன்! அவளே சிரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். என்ன வேலை என்று கேட்டான்... சொன்னாள்... முகம் மாறி நகர்ந்துவிட்டான். அதற்குப்பின் நாலு மாதம், ஒரு வார்த்தை கிடையாது.

அங்கே எலிக்குட்டிகளுக்குச் சின்ன வயதிலேயே மருந்து கொடுத்தார்கள். வளர்ந்தபின் கொழுப்புத் தீனி தின்றாலும் உடம்பு ஊதாமல், சர்க்கரை ஏறாமல் இருக்குமா என்று பார்க்கத்தான். பாதிக் குட்டிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். கொடுத்தவன் பார்த்திபன். வாராவாரம் எடை போட்டவள் சுகிர்தா.

மதியச் சாப்பாடு மட்டும் அவனுக்கு ஆபீஸ் ரம்யாவோடு! அவள் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுப்பதென்ன, சிரிப்பென்ன... சுகிர்தா வந்தால் எழுந்துபோய்விடுவான். அப்படி என்ன பெரிய அழகி அவள்? எலிகள் எடை ஏறின, சுகிர்தாதான் இளைத்தாள். பொறுக்கமாட்டாமல் திருவள்ளூர் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசி எடை முடிந்து, எந்த எலிக்கு மருந்து என்ற பட்டியலைப் பிரித்தார்கள். மருந்து குடித்தவை ஒல்லியாகவே இருந்தன. எல்லோரும் கைதட்ட, பார்த்திபன் நேராக அவளிடம் வந்தான்.

"மாத்தல் கேட்டீங்களாமே?"

"உங்களுக்கு இன்னா வந்துச்சு? ரம்யாகிட்ட போய்ப் பேசுங்க."

"ரம்யா எடை போடலையே. எந்த எலிக்கு மருந்துன்னு எடை போடுறவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மொத்த வேலையும் வீண். உங்ககிட்ட உக்காந்தா நான் எல்லாத்தையும் ஒளறிடுவேன்..."

"அதையாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்ல வந்தா அதோட நிறுத்தியிருப்பேனா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. கோபமா, சந்தோஷமா... அவளுக்கே தெரியவில்லை.

"அவகூட நீங்க சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சுது. நாலு மாசமா."

"ஆரம்பத்துலயே மருந்து குடுத்திருக்கணும். தப்பு என்னோடதுதான்." தயங்கினான். "உங்களை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, சுகிர்தா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப குடுத்தாலும் கேக்கும்," என்றாள். "ஆனா தெனமும் குடுக்கணும்."