யானை அட்டை

“கையை எடுங்க டீச்சர், கண்ணாடி குத்தும்.”

சொன்னதோடு நிற்காமல் ரேகையம்மா பாய்ந்து போய் அந்த மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். உடைந்த அலமாரிக் கதவுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த அட்டை டீச்சரின் இடது கையில் ரத்தம் கோடாக இறங்கியது. அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

“காணோம். பெட்டியையே காணோம். மொத்தமும் போச்சு.”

ஆசிரியர் அறை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்து வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த பெண்கள் அலறல் கேட்டு, கடைசி வரிசையைப் பாதியில் விட்டுப் பென்சிலும் கையுமாக ஓடி வந்திருந்தார்கள். ரேகையம்மாவும் அப்படி ஓடி வந்தவள்தான்.

ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவர்களுக்கு மொழி சொல்லிக் கொடுக்கும் மையம் அது. முதலில் எழுத்து. நாற்பத்தாறு. அவற்றைப் புகட்ட இரண்டு ஆசிரியர்கள், இரண்டு வழி, தினமும் ஒரு சண்டை.

சதுரம் சாருக்குக் கட்டம் போட்ட பயிற்சிப் புத்தகம்தான் வேதம். ஓர் எழுத்துக்கு ஒரு பக்கம். எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு அடுத்து என்று கை ஒடிய ஒடிய எழுத வைப்பார். அட்டை டீச்சரிடம் இருந்தவை கையால் வரைந்த வண்ண அட்டைகள். ‘கு’ என்ற எழுத்து குருவியின் திறந்த அலகு. ‘இ’ இரண்டு இலைகள். ‘மி’ மீன். ‘யா’ தும்பிக்கை தூக்கிய யானை. ஒரு முறை பார்த்தால் எழுத்து கண்ணில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே அவள் கையை விரித்துக் காட்டியிருந்தாள். “எனக்குச் சாக்பீஸ் ஆகாது. தொட்டா விரலெல்லாம் வெடிச்சுடும். அதனாலதான் ராப்பகலா உக்காந்து இதை வரைஞ்சேன்.” சொன்னபடியே அதுவரை ஒரு நாளும் அவள் பலகைப் பக்கம் போனதில்லை.

மையம் இனி ஒரே பாடப்பொருளைத்தான் வைத்துக்கொள்ளும். ஜெயிக்கிற பாடப்பொருளோடு அதன் ஆசிரியர் இருப்பார். தோற்றவர் மூட்டை கட்ட வேண்டும். தேர்வு இன்று மதியம். தேர்ந்தெடுக்க வேறொருவர் வருவதாக இருந்து, நேற்று மாலைதான் ஆள் மாறியிருந்தது. வருகிறவர் தலைமை அலுவலக மேடம். இங்கே படித்த முதல் அணிப் பெண்களுக்குப் பாடம் எடுத்தவர். போட்டியில் ஒரு செல்போன் செயலியும் உண்டு. சரியாகச் சொன்னால் மணி அடிக்கும், தப்பாகச் சொன்னால் பன்றிக்குட்டி அழும். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

இப்போது அட்டைப் பெட்டி இல்லை.

டைரக்டர் வியர்த்து வழிந்தார். போலீஸ் மட்டும் வேண்டாம், மையத்தின் பெயர் நாறிவிடும் என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டு ரேகையம்மாவைத் தனியாக அழைத்தார். காவல் துறையின் கைரேகைப் பிரிவில் காலம் தள்ளிவிட்டு, பணிக்காலம் முடிவதற்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். இருபது வயதுப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுத்துப் படிக்க வந்த காரணத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம், சும்மா இருந்தால் துரு ஏறிவிடும் என்று ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தாள்.

“மேடம் வர்றதுக்குள்ள முடிச்சுக் குடுங்கம்மா. வெளியே மூச்சு விடாம.”

முடிக்க அவள் தேவைப்படவில்லை போலிருந்தது. தேட ஆரம்பித்த சற்று நேரத்திலேயே நீலப் பெட்டி அகப்பட்டது. சதுரம் சாரின் மேசைக்கடியில், மேடத்துக்குக் காட்ட அவர் கொண்டுவந்திருந்த பயிற்சிப் புத்தகக் கட்டுக்குள். பெட்டி காலி.

அட்டை டீச்சர் நாற்காலியில் சரிந்து விசும்பினாள். பெண்கள் சாரை ஒரு மாதிரி பார்த்தார்கள். டைரக்டருக்கு அதற்கு மேல் விசாரணை தேவையாக இல்லை. சாரை அப்போதே வெளியே அனுப்பிவிடத் துடித்தார். ரேகையம்மாதான் கையமர்த்தினாள்.

“சார், காலையில எப்ப வந்தீங்க?”

“எல்லாருக்கும் முன்னாடி. புத்தகக் கட்டை வெச்சுட்டு டீ குடிக்கப் போனேன்.”

“அலமாரிச் சாவி?”

“இவகிட்ட ஒண்ணு. டைரக்டர்கிட்ட ஒண்ணு. நமக்கு யாரு தர்றா?”

“அட்டைன்னாலே உங்களுக்கு ஆகாதாமே.”

“ஆகாது. படத்தைப் பார்த்துப் படிச்சவளுக்குப் படம் இல்லாத இடத்துல எழுத்து தெரியாது. நாளைக்கு மருந்து பாட்டில் மேல யானையா வரைஞ்சு வெச்சிருப்பான்?” சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுக்காகத் திருடுவேனாம்மா? வாயாலே திட்டினாலே எனக்கு மனசு ஆறிடும். இந்த வயசுல திருடன்னு பேர் வாங்கிட்டுப் போனா எவன் எனக்கு வேலை குடுப்பான்?”

அடுத்து அட்டை டீச்சர். காலையில் நேராக வகுப்புக்குத்தான் போனதாகச் சொன்னாள். அலமாரிப் பக்கமே வரவில்லையாம். பிள்ளைகள் வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் அட்டை எடுக்க வந்தாளாம். வந்து பார்த்தால் கண்ணாடி உடைந்து கிடந்ததாம்.

“யார் மேல சந்தேகம்?”

“நான் யார் மேலயும் பழி போட மாட்டேன். பெட்டி எங்க இருந்துச்சுன்னு எல்லாரும்தான் பார்த்தாங்க.”

“சரி. அட்டை இல்லாம மேடம்கிட்ட எப்படிப் பேசுவீங்க?”

“என்ன பேசறது? திருட்டு குடுத்தவ நான். அவங்களே புரிஞ்சுப்பாங்க.”

ரேகையம்மா தலையாட்டினாள். பிறகு மையம் முழுவதும் சுற்றினாள். மாடிக் கழிப்பறையில், தரை துடைக்கும் வாளிக்குள் அது இருந்தது. நாலைந்தாகக் கிழித்து, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட அட்டைகள். குருவியின் மஞ்சளும் இலையின் பச்சையும் கரைந்து கலங்கி, தண்ணீர் பழுப்பாகியிருந்தது. கையை விட்டு எடுத்தாள். கூழாக வழிந்தது. யாரோ அவசரமே படாமல் செய்த வேலை.

கூப்பிட வந்த பெண் இரண்டு முறை குரல் கொடுத்தும் அவள் வாளியை விட்டு நகரவில்லை. மூன்றாவது முறைதான் முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கினாள்.

மேடம் வந்துவிட்டார். டைரக்டர் அசட்டுச் சிரிப்போடு அவரை வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். ரேகையம்மா எல்லோரையும் வகுப்பறைக்கே வரச் சொன்னாள். பெண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். உள்ளே ஐந்து பேர்.

“பெட்டியை எடுத்தது அட்டை டீச்சர். கண்ணாடியை உடைச்சதும், அட்டையை ஊறப்போட்டதும், காலிப் பெட்டியைச் சார் கட்டுல சொருகினதும் அவங்கதான்.”

அட்டை டீச்சர் சிரிக்க முயன்றாள். “என் பொருளை நானே திருடுவேனா?”

“எங்கே உக்காந்திருக்கோம்னு திரும்பிப் பாருங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். எதிரே கரும்பலகை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, நாற்பத்தாறும் வரிசையாக, சுத்தமாக எழுதப்பட்டிருந்தன.

“இந்தப் பலகை எங்க வகுப்புல என்னிக்கும் காலியாத்தான் இருக்கும். டீச்சர் வந்ததும் அலமாரிக்குப் போவாங்க, பெட்டியோட வருவாங்க, அட்டையைத் தூக்கிக் காட்டுவாங்க. சாக்பீஸ் தொட்டா அவங்களுக்கு விரல் வெடிக்கும். அப்படிப்பட்டவங்க இன்னிக்கு அலமாரிப் பக்கமே போகாம, நாங்க வர்றதுக்கு முன்னாடியே பலகை நிறைய எழுதி வெச்சிருந்தாங்க. நாங்களும் மண்டு மாதிரி உக்காந்து காப்பி பண்ணிட்டிருந்தோம். கடைசி வரிசைக்கு வந்த பிறகுதான் அட்டையைக் காணோம்னு அலறல் கேக்குது.” ரேகையம்மா குரலை உயர்த்தவில்லை. “அட்டை இல்லைன்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சவங்களுக்குத்தான் பலகை தேவைப்படும். பாடம் நடத்தணுமே. பழக்கப்பட்ட டீச்சர். வகுப்பைச் சும்மா உக்கார வைக்க மனசு வரலை.”

“மேடம் வர்றாங்கன்னு அழகுக்கு எழுதினேன்.”

“அட்டையை ஜெயிக்க வைக்க வேண்டிய நாள்லயா? சதுரம் சார் மாதிரியா? வலது கையைக் காட்டுங்க.”

அட்டை டீச்சர் கையை மடக்கிக்கொண்டாள். மடக்கியும் விரல் கணுக்களின் வெடிப்பு சிவப்பாகத் தெரிந்தது. கண்ணாடிக்குள் விட்டது மற்ற கை.

டைரக்டருக்கு இன்னும் விளங்கவில்லை. தானாக ஜெயிக்கிற அட்டையை எதற்கு அழிக்க வேண்டும் என்று கேட்டார்.

ரேகையம்மா தன் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தாள். ‘யா’. தும்பிக்கை தூக்கிய யானை. அட்டைகள் வெளியே போகக்கூடாது என்பது டீச்சரின் சட்டம். ரேகையம்மா மட்டும் தினமும் கெஞ்சி ஒன்றை வீட்டுக்கு வாங்கிப் போவாள், எப்போதும் இதையேதான். இன்னுமா அந்த யானை அடங்கலை என்று பெண்கள் கேலி செய்வார்கள். நேற்றும் வாங்கிப் போயிருந்தாள். அவசரத்தில் டீச்சர் எண்ணிப் பார்க்க மறந்திருந்தாள்.

“இந்த மையைப் பாருங்க. ஈரம் காயறதுக்கு முன்னாடியே கை மேல உரசிட்டுப் போயிருக்கு. இடமிருந்து வலமா ஒரே இழுப்பு. எழுதின இடத்து மேலேயே கை நகர்றது இடது கைக்காரங்களுக்குத்தான். எல்லா அட்டையிலயும் இதே இழுப்பு இருந்துச்சு. டீச்சர் வலது கைக்காரி. இதை அவங்க வரையலை.”

அட்டையை மேடத்தின் கையில் வைத்தாள். மேடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

“இது எனக்குத் தெரியும். முதல் அணியில ஒரு பொண்ணு வரைஞ்சது. இடது கைதான். இந்த டீச்சரும் அதே அணியிலதான் படிச்சா, விடுதியில ரெண்டு பேரும் ஒரே அறை.”

“நேத்து சாயந்திரம் நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் இவங்களுக்கு அட்டையைக் காட்ட முடியாமப் போச்சு. காட்டினா குட்டு உடையும். காட்டலைன்னா தோல்வி. திருடு போயிட்டா ரெண்டும் இல்லை. பழி சார் மேல, அனுதாபம் இவங்க மேல.”

சதுரம் சார் பெரிதாக மூச்சு விட்டார். அந்த நிம்மதி நீடிக்கவில்லை. மேடம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆசிரியர்களை நம்பிப் பாடப்பொருள் வைத்தால் இந்தத் தலைவலி தீராது என்றார். செயலியையே எடுத்துக்கொள்ளலாம், அது யாருடைய கட்டுக்குள்ளும் பெட்டியை ஒளித்து வைக்காது என்றார். டைரக்டர் உடனே ஆமாம் போட்டார். சாரை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“அப்ப நான் திருடலைன்னு தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?” என்றார் சார், யாரையும் குறிப்பிடாமல். புத்தகக் கட்டைக் கயிறு போட்டுக் கட்டத் தொடங்கினார்.

அட்டை டீச்சருக்கு அழுகை நின்று போயிருந்தது. இழக்க ஒன்றுமில்லாத குரலில் பேசினாள்.

“அவ விட்டுட்டுப் போனதைத்தானே எடுத்தேன். பறிக்கலையே. நான் எடுத்து வெச்சிருக்கலைன்னா அன்னிக்கே குப்பைக்குப் போயிருக்கும். எத்தனை பேர் இதைப் பார்த்து எழுத்து படிச்சிருக்காங்க தெரியுமா? என்னமோ ஊரே சேர்ந்து கேக்கறீங்க. அவளுக்காகக் கேக்க அவளுக்கே ஒரு ஆள் கிடையாது. லீவுக்குக் கூட எங்கயும் போக மாட்டா. அம்மா செத்துட்டாங்கன்னு அவளே என்கிட்ட சொன்னா.”

மேடம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணு ஜப்பான்ல சேர்ந்த முதியோர் இல்லத்தை விட்டுட்டு எங்கயோ போயிட்டா. எங்ககிட்டயே விலாசம் இல்லை. இதை யார்கிட்ட சேர்க்கறது?”

“என்கிட்ட குடுங்க” என்றாள் ரேகையம்மா.

“உங்ககிட்டயா? நீங்க அவளுக்கு யாரு?”

நீட்டிய கையை ரேகையம்மா இறக்கவில்லை.

“செத்துட்டதா சொன்னாளே, அந்த அம்மா.”